சௌரிராஜனுக்கு ஞானஸ்நானம்

சினிமாவுக்குத் தனியாகப் போகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை. படம் மொக்கையாக இருந்தால் யாரிடம் திட்டுவது? நன்றாக இருந்தால் யார் தோளை இடிப்பது? என் வீட்டுக்காரர் அடைக்கலராஜ் இருக்கிறார்தான். பொன்மலை ரயில்வே பணிமனையில் வாரம் முழுக்க இரும்புச் சத்தத்துக்கு நடுவே நிற்கிற மனுஷன், தியேட்டரில் ஏசி காற்று பட்டதும் தூங்கிவிடுவார். டிக்கெட் வாங்கிக் கொடுத்துத் தூங்க வைப்பதற்கு வீட்டிலேயே ஃபேன் இருக்கிறது.

அதனால் சுபஸ்ரீ கிடைத்ததும் பிடித்துக்கொண்டேன். புத்தூரில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு, நோயாளிகளுக்கு என்ன சாப்பிடலாம் என்ன கூடாது என்று சொல்லும் டயட்டீஷியனாக வந்து சேர்ந்தவள். முப்பத்து நாலு வயது, கல்யாணமாகவில்லை, அமைதியான பெண். நான் லேபில் ரத்தம் எடுப்பவள். என் பெயர் வியாகுலம்மாள். பெயரைக் கேட்டு அழுமூஞ்சி என்று நினைத்து வந்தவர்கள் என் வாயைக் கேட்டு மனம் மாறிப் போயிருக்கிறார்கள். பத்து வயதுக்கு மேல் வித்தியாசம் இருந்தும் எங்களை ஒட்ட வைத்தது சினிமாதான். அவளும் எந்தப் படம் வந்தாலும் பார்ப்பாள், முழுசாகப் பார்ப்பாள், எழுத்து ஓடி முடியும் வரை எழுந்திருக்க மாட்டாள்.

முதலில் நான் கூப்பிட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு. காலைப் பூசை முடிந்தால் எனக்கு அன்று முழுக்க ஓய்வு.

"ஞாயித்துக்கிழமை படம் பார்க்க மாட்டேன்கா. கடைக்குக்கூடப் போக மாட்டேன். சனிக்கிழமை போலாமா?" என்றாள்.

ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பெண் என்று தெரியும். ஏதோ விரதம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை எங்கள் இருவருக்கும் மதியத்தோடு டியூட்டி முடியும், மேட்னிக்கு வசதிதான். இடைவேளையில் இரண்டு காபி வாங்கிக்கொண்டு வந்தால் வேண்டாம் என்கிறாள்.

"இன்னிக்கி ஏகாதசியா?" என்று கேட்டேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லக்கா. எங்க சபைல காபி, டீ குடிக்க மாட்டோம்."

"சபையா? எந்த சபை?"

"பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை."

கேட்ட எனக்கே மூச்சு வாங்கியது. மார்மன் என்று வெளியே சொல்வார்களாம், ஆனால் அந்தப் பெயர் அவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காதாம். பெங்களூரில் வேலை பார்த்தபோது கூட இருந்த தோழி மூலம் போய்ச் சேர்ந்தாளாம். திருச்சியில் அவளுடைய சபைக்காரர் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து போனிலேயே ஆராதனை பார்ப்பாள். அன்று நான் இரண்டு காபியையும் குடித்துவிட்டு, பாதிப் படத்தை அவளைப் பார்த்துக்கொண்டே பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வந்தது கோபம்தான். கிறிஸ்தவளாக ஆவதுதான் ஆனாள், எங்கள் பக்கம் வந்திருக்கக் கூடாதா? மாதா இருக்கிறாள், தேர் இருக்கிறது, சப்பரம் இருக்கிறது, பூசைக்கு மணி அடிக்கிறோம். ஸ்ரீரங்கத்துக்காரிக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

அதற்குப் பிறகு எங்கள் சனிக்கிழமைகளுக்கு இரண்டு காட்சிகள் வந்துவிட்டன. ஒன்று திரையில். இன்னொன்று படம் விட்ட பிறகு, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் லெமன் சோடா குடிக்கிற கடையில். பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பது நான் பால்பல் விழுவதற்கு முன்பே படித்தது. அவளோ மூவரும் தனித்தனி ஆட்கள், நோக்கத்தில்தான் ஒன்று என்கிறாள். பிதாவுக்கு நம்மைப் போலவே உடம்பு உண்டு, கை கால் உண்டு என்கிறாள்.

"சாமிக்குக் கை காலா? சினிமாவுல வர சாமி மாதிரியா?" என்று கத்தினேன்.

"உங்க கோயில் சுவத்துல தாடியோட வரைஞ்சு வெச்சிருக்கீங்களே அக்கா, அது யாரு?" என்றாள் நிதானமாக.

பிதாதான். மேகத்தின் மேல் வெள்ளைத் தாடியோடு உட்கார்ந்திருப்பார், சிறுவயதிலிருந்து பார்க்கிறேன். சோடாவுக்கு உப்புக் குறைவு என்று கடைக்காரரைத் திட்டினேன்.

எங்கள் தெரு ஜெபக்கூட்டத்தை நடத்தும் பிலோமின்ராஜிடம் இதையெல்லாம் கேட்டேன். "அவங்க கிறிஸ்தவங்களே கிடையாதுங்க. நமக்கு இருக்கிற வேதம் போதாதுன்னு தனியா ஒண்ணு வெச்சிருக்காங்க. ஜாக்கிரதையா இருங்க," என்றார். ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னது சரி என்றே எனக்குப் பட்டது. ஆனால் சனிக்கிழமை வந்தால், பாப்கார்ன் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபம் பண்ணுகிறாள் அந்தப் பெண். பாப்கார்னுக்கு நன்றி சொல்கிறவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவளுடைய அப்பாவைப் பற்றி அவள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். பெயர் சௌரிராஜன். கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விடிவதற்கு முன் குளித்து, நாமம் போட்டு, பெருமாள் சந்நிதியில் பாசுரம் சொல்லும் கோஷ்டியில் போய் நிற்பார், மழையோ காய்ச்சலோ தவற விட்டதில்லை. ஒரே மகள் பெங்களூரிலிருந்து வந்து ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டதாகச் சொன்ன அன்று அவர் சத்தம் போடவில்லை. அடிக்கவில்லை. வெளியே போ என்றும் சொல்லவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். அவள் போன் செய்தால் எடுத்து, யார் என்று தெரிந்ததும் மனைவி கையில் கொடுத்துவிடுவார். அவள் ஊருக்கு வந்தால் கோயிலுக்குக் கிளம்பிப் போய், அவள் பஸ் ஏறிய பிறகு திரும்பி வருவார். ஒன்பது வருஷம் இப்படி. போன வருஷம் ஐப்பசியில் ஒரு மதியம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவள் வந்து சேர்ந்தபோது பெரியப்பா மகன் கொள்ளிச் சட்டியோடு நின்றான். அவளை உறவுக்காரர்கள் வாசலோடு நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று திருச்சிக்கு வந்தாள். ஸ்ரீரங்கத்திலேயே வந்து இரு என்று அம்மா கூப்பிட்டும் போகவில்லை. தான் அங்கே இருந்தால் உறவுக்காரர்கள் அம்மாவைப் பார்க்க வருவதை நிறுத்திவிடுவார்கள் என்று புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். சொல்லும்போது அவள் அழவில்லை. இருபத்தைந்து வருஷமாக ஊசி குத்துகிறேன், யார் தாங்குவார்கள் யார் தாங்க மாட்டார்கள் என்று முகம் பார்த்தே சொல்லிவிடுவேன். இவள் வலிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போய் மயங்கி விழுகிற ரகம்.

கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மட்டமான படம். செத்துப்போன அப்பா மகள் முன்னால் புகையாக வந்து நின்று, "உன்னை மன்னிச்சிட்டேம்மா" என்கிறார். அந்தப் புகை ஏதோ பிரியாணி அண்டாவிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. தியேட்டரே சிரித்தது, நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவள் தோளை இடித்தால், அவள் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறாள்.

சோடாக் கடையில் உட்கார வைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, அடுத்த மாசம் பாங்காக் போறேன்," என்றாள்.

"எதுக்கு? ஊர் சுத்தவா?"

"அங்க எங்க ஆலயம் இருக்கு. பெங்களூர் சபைலேருந்து ஒரு கூட்டமா போறாங்க. உயிரோட இருக்கறப்ப ஞானஸ்நானம் கிடைக்காம போனவங்களுக்கு அங்க குடுக்கலாம். அவங்களுக்குப் பதிலா இன்னொருத்தர் தண்ணில முங்குவாங்க. அப்பாவுக்குப் பண்ணணும்னு நெனைக்கறேன்."

எனக்குக் காது சரியாக வேலை செய்கிறதா என்று சந்தேகமாக இருந்தது. "செத்துப் போனவருக்கா?"

"ஆமாக்கா."

வந்தது பாருங்கள் எனக்குக் கோபம். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உங்கப்பா சாகற வரைக்கும் தன் சாமிய விடாதவரு. அதுக்காகப் பெத்த பொண்ணையே வேண்டாம்னு இருந்தவரு. இருந்தப்ப அவர் சம்மதிக்கல. இப்ப எழுந்து வந்து சண்டை போட முடியாதுங்கற தைரியத்துல தண்ணில முக்கி எடுக்கப் போறியா? இது அநியாயம் சுபா."

"முக்கி எடுத்துட்டா அவர் எங்க சபைன்னு ஆயிடாதுக்கா. அது ஒரு அழைப்பு மாதிரிதான். ஏத்துக்கறதும் வேண்டாம்னு சொல்றதும் அவர் இஷ்டம். அங்கயும் அவர் அவராத்தான் இருப்பார்."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. அவர்கிட்ட யாரு கேட்டா?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "கல்லறைத் திருநாளுக்கு உங்கம்மாவுக்குப் பூசை வெச்சீங்களே, அவங்ககிட்ட கேட்டுட்டா வெச்சீங்க?"

அம்மாவை இழுத்தது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கம்மா ஜெபமாலையும் கையுமாகச் செத்தவள், ஆத்துமா பாவம் கழிக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து சீக்கிரம் கரையேறட்டும் என்று பூசை வைக்கிறேன், அதுவும் இதுவும் ஒன்றா என்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு, சோடாவைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறதோ என்று பாலக்கரை தாண்டும்போது தோன்றியது. தோன்றியதால் கோபம் இன்னும் கூடியது.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் நான் தனியாகவே படம் பார்த்தேன். என்ன படம் என்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரியில் அவள் எதிரே வந்தால் மாடிப்படிப் பக்கம் திரும்பிவிடுவேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மதியம் லேபில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து அவளே வந்தாள். ரத்தம் கொடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்து, முழுக்கையைச் சுருட்டிவிட்டு, கையை நீட்டினாள்.

"என்ன டெஸ்ட்டு? சீட்டு எங்க?" என்றேன் முகத்தைப் பார்க்காமல்.

"டெஸ்ட் இல்லக்கா. குத்தறப்பவாவது 'கையை மூடு'ன்னு ஒரு வார்த்தை சொல்வீங்கள்ல. அதுக்காகத்தான் வந்தேன்." நீட்டிய கையை மடக்கவில்லை. "என்னைத் திட்டுங்க, அடிங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க. ஒருத்தர்கிட்ட அது பட்டதே எனக்குப் போதும்."

நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். அந்த நாற்காலியில் எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள். குத்துகிறவள் அழுதது அன்றுதான்.

"அம்மாகிட்ட கேக்கப் போறேன்," என்றாள் பிறகு. "அம்மா வேண்டாம்னா அப்பா பேரைக் குடுக்க மாட்டேன். அவங்களுக்குத் தெரியாமப் பண்ண எனக்கு மனசு வரல. ஆனா கேட்டதும் அம்மாவும் பேச்ச நிறுத்திட்டா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு. கூட வரீங்களா?"

"வரேன். ஆனா உன் பக்கம் பேச மாட்டேன். எனக்கு இதுல சம்மதம் இல்ல."

"பேச வேண்டாம்கா. உக்காந்திருங்க, போதும்."

அந்தச் சனிக்கிழமை மேட்னிக்குப் பதிலாக ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனோம். காவிரிப் பாலத்தின் மேல் அவள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். ஜெபம். நானும் என் பங்குக்கு மாதாவிடம் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி வைத்தேன். எதற்காக என்று எனக்கே தெரியவில்லை. அந்த அம்மா சரி என்று சொல்ல வேண்டும் என்றா, முடியாது என்று சொல்ல வேண்டும் என்றா?

வடக்குச் சித்திரை வீதியை ஒட்டிய சந்தில் அடுக்குமாடி வீடு, இரண்டாவது மாடி. கதவைத் திறந்த கோமளம் மாமி சின்ன உருவம், சுறுசுறுப்பு. "வாங்கோ வாங்கோ, நீங்கதானா வியாகுலம்? வாரா வாரம் இவள சினிமாவுக்கு அழைச்சிண்டு போறது நீங்கதானா? இப்படி ஃபேனுக்கு அடில உக்காருங்கோ." டிவியில் ஏதோ சீரியல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் சௌரிராஜன் படம், துளசி மாலையோடு. நீளமான மூக்கு, பிடிவாதமான தாடை. மகளுக்கு அப்படியே அதே தாடை.

எனக்குக் காபி வந்தது. மகளுக்கு மட்டும் ஒரு டம்ளர் மோர். கேட்காமலே மோர் கொடுத்த அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஆனால் சுபஸ்ரீ வாயைத் திறக்க வேண்டுமே? முருங்கைக்காய் விலை பேசினாள். மாடி வீட்டுக்காரரின் முட்டிவலி பேசினாள். நாங்கள் பார்த்த படங்களின் கதையெல்லாம் மாமி கேட்க, இவள் வரிசையாகச் சொன்னாள். என் காபி ஆறி, ஆடை படிந்து, அதையும் குடித்து முடித்துவிட்டேன்.

பொறுமை எனக்குக் கிடையாது. "மாமி, இவ உங்க வீட்டுக்காரருக்கு ஞானஸ்நானம் குடுக்கணும்ங்கறா!" என்று போட்டு உடைத்தேன்.

சுபஸ்ரீயின் முகம் வெளுத்துவிட்டது. மாமி என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், சுவரில் இருந்தவரைப் பார்த்தார்.

"அவர் பரமபதிச்சு ஒரு வருஷம் முடிஞ்சு வருஷாப்திகமே ஆயாச்சே," என்றார் மெதுவாக.

சொல்லிக் கெடுத்ததைச் சரிக்கட்ட வேண்டுமே என்று, "திவசம் மாதிரி ஒண்ணுன்னு வெச்சுக்குங்க மாமி," என்றேன். உன் பக்கம் பேச மாட்டேன் என்று சொன்னவள் நான்தான். என் நாக்கு எப்போதும் என் பேச்சைக் கேட்டதில்லை.

"திவசம்னா நம்மாத்து மனுஷாதானே எள்ளும் தண்ணியும் விடணும்." மாமி மகள் பக்கம் திரும்பினார். "நீயா முங்கப் போறே?"

"இல்லம்மா. பொம்மனாட்டிக்குப் பொம்மனாட்டி, ஆம்பளைக்கு ஆம்பளைதான் முங்கணும். எங்க சபைல ஒரு தம்பி இருக்கான். அப்பா பேரச் சொல்லி அவன் முங்குவான்."

மாமி சிரித்தார். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. "நன்னாயிருக்கு போ. இங்க உங்க பெரியப்பா பிள்ளை கொள்ளி வெச்சான், நீ வாசல்ல நின்னே. அங்கயும் எவனோ ஒரு பிள்ளை வந்து முங்குவான், நீ கரைல நிப்பே. இதுக்கா இங்கேருந்து அங்க போனே? உனக்கு எங்கயுமே இடம் கிடையாதாடி?"

சுபஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் கோயிலிலும் பீடத்தில் நின்று பூசை வைக்கப் பெண்ணுக்கு இடமில்லை, அதனால் நானும் காலி டம்ளரை வாயில் வைத்துக்கொண்டேன்.

"உங்கப்பாவுக்குச் சின்ன வயசுலயே தோள்ல சங்கும் சக்கரமும் பொறிச்சாச்சு," என்றார் மாமி. "பெருமாளோட அடையாளம். ஆசார்யன் கையால வெச்சது. அத உங்க தண்ணி அழிச்சுடுமா?"

"அழிக்காதும்மா. அவருக்கு இஷ்டமில்லாம எதுவும் ஆகாது. கூப்பிடறதுதான் நாங்க பண்றது. வரதும் வராததும் அவர் கைல இருக்கு."

"கூப்பிட்டது நீதான்னு அவருக்குத் தெரியுமா?"

சுபஸ்ரீ பொய் சொல்ல வராத பெண். "தெரியும்னுதான் நான் நம்பறேன்," என்றாள்.

மாமி எழுந்தார். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். தண்ணீர்க் குழாய் திறந்த சத்தம் கேட்டது. இரண்டு டம்ளர் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு என் மேலேயே ஆத்திரம். இந்தப் பெண்ணுக்கு மிச்சம் இருந்தது ஒரு அம்மா, அதையும் நான் வாயை வைத்துக் கெடுத்துவிட்டேனே என்று உட்கார்ந்த இடத்தில் நெளிந்தேன்.

"போலாம்கா," என்றாள் சுபஸ்ரீ. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டுவிட்டாள்.

குழாய் நின்றது. மாமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, டிவியை அணைத்தார். எங்கள் இருவருக்கும் எதிரில், சுவரில் இருந்தவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"வேண்டாம்னுதான் சொல்லுவார்," என்றார்.

"தெரியும்மா."

"ஒம்பது வருஷம் நான் நடுவுல நின்னேன். 'குழந்தை கேக்கறா, ஒரு வார்த்தை பேசுங்கோ'ன்னு அவர்கிட்ட சொல்லுவேன். காதுலயே வாங்க மாட்டார். உன்கிட்ட வந்து 'சுபா எப்படி இருக்கான்னு அப்பா விசாரிச்சார்'னு சொல்லுவேன். அத்தனையும் பொய். ஒரு நாள்கூட விசாரிக்கல."

"அதுவும் தெரியும்மா," என்றாள் சுபஸ்ரீ. "அப்பா என்னிக்கி என்னை சுபான்னு கூப்பிட்டிருக்கார்? ஸ்ரீன்னுதான் கூப்பிடுவார். நீ சொல்றச்சேயே பொய்னு தெரியும். நீ சொல்றது கேக்க நன்னாயிருந்துது, அதனால சும்மா இருந்தேன்."

மாமியின் முகம் கோணியது. அழுகையை விழுங்கிக்கொண்டு மகளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். தோளில் மாட்டியிருந்த பையைத் தானே கழற்றிக் கீழே வைத்தார்.

"போய்ப் பண்ணிட்டு வா," என்றார்.

சுபஸ்ரீ நம்பாமல் பார்த்தாள். "நெஜமாவாம்மா? அப்பா வர மாட்டார்னு சொன்னியே?"

"வர மாட்டார். பெருமாள விட்டுட்டு எங்கயும் வர மாட்டார். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா வேண்டாம்னு சொல்லணும்னாலும் உன்கிட்ட வாயத் திறந்துதானே ஆகணும்? அங்க போன் கிடையாது, எடுத்து என் கைல குடுக்க. நடுவுல நிக்க நானும் இல்ல. நீ கூப்பிட்டா, அவரேதான் உனக்குப் பதில் சொல்லியாகணும்."

சுபஸ்ரீ அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரு வருஷமாகத் துப்பட்டாவுக்குள் திணித்து வைத்திருந்ததெல்லாம் சத்தத்தோடு வெளியே வந்தது. அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். மாமி அவள் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். எனக்கு இந்தச் சடங்கில் இன்னும் சம்மதம் இல்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் சௌரிராஜன் என்கிற அந்தப் பிடிவாதக்கார மனுஷன் எங்கே இருந்தாலும் ஒரே ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று நான் கும்பிடுகிற எல்லாரையும் கேட்டுக்கொண்டேன்.

"ரொம்பக் கோவமா திட்டுவாரேம்மா," என்றாள் சுபஸ்ரீ மடிக்குள்ளிருந்து.

"திட்டட்டும்டி," என்றார் மாமி. "ஸ்ரீன்னு பேரச் சொல்லித் திட்டட்டும்."